கோலங்கள் மூடப்படும்

செம்பனை எண்ணெய் மில் குடியிருப்பு, குளுவாங்
6 ஜனவரி 2025

அக்கா,

குளியலறையில் வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்து எழுதுகிறேன். மணி பன்னிரண்டரை. அப்பா இருமினால் விளக்கை அணைக்கிறேன். ஏற்கெனவே இரண்டு முறை அணைத்தாயிற்று. எழுத்து கோணலாக இருந்தால் அதுதான் காரணம்.

தீபாவளிக்கு நீ அனுப்பிய வாழ்த்து அட்டையை அம்மா அரிசி டின்னுக்குள் ஒளித்து வைத்திருக்கிறார். உன் பெர்மாஸ் ஜெயா முகவரியை அதிலிருந்துதான் எடுத்தேன். எல்லார் கைப்பேசியிலும் உன் எண்ணை அப்பா அழித்துவிட்டார். என் கைப்பேசியையும் எட்டு மணிக்கெல்லாம் வாங்கி வைத்துக்கொள்கிறார். பதில் போட்டால் என் வகுப்புத் தோழி ஐலீன் வீட்டுக்குப் போடு. முகவரி பின்பக்கத்தில் இருக்கிறது. இந்த வீட்டுக்குப் போடாதே.

நான் ஒரு பெரிய தப்புச் செய்துவிட்டேன். அதைச் சொல்ல உன்னைத் தவிர யாரும் இல்லை.

மில் ஆபீஸில் கணக்கு எழுதும் கிராணி விஜயன் அண்ணன் போன வாரம் ஒரு மலாய் அறிவிப்பைக் கொண்டுவந்து, தமிழில் எழுதித் தரச் சொன்னார். அவர் மலாய்ப் பள்ளியில் படித்தவர், தமிழ் எழுத வராது. ஆனால் வரும் என்று மேனேஜரிடம் சொல்லி வைத்திருக்கிறார். அதனால் யாரிடமும் மூச்சு விடாதே என்றார். பத்து நிமிடத்தில் எழுதிக் கொடுத்தேன். மறுநாள் அது மண்டபச் சுவரில் இருந்தது:

“இந்த ஆண்டு எல்லாக் கோலங்களும் கறுப்பு விரிப்பால் மூடப்படும். கோலங்களிலிருந்து வரும் நாற்றம் இதனால் நிற்கும். இனிமேல் கோலத்தின் அருகே யாரும் வரக் கூடாது. கருத்துச் சொல்ல விரும்புவோர் ஜனவரி 19, ஞாயிறு காலை பத்து மணிக்கு மண்டபத்துக்கு வரலாம்.”

உனக்குப் புரிந்திருக்கும். மில்லின் கழிவுநீர் தேங்கும் நான்கு குளங்களைத்தான் சொல்ல வந்தேன். மலாயில் குளத்துக்குக் ‘கோலாம்’ என்றுதானே பெயர். அந்தக் குளங்களில் வேலை பார்க்கும் அப்பா, நான் பிறந்ததிலிருந்து என் காதில் போட்ட சொல்லும் அதுதான். “கோலத்துக்குப் போறேன்”, “கோலம் நிறைஞ்சிருச்சு”, “கோலத்துல நுரை”. எழுதும்போது வேறு சொல் எனக்கு வரவே இல்லை. ஆனால் குடியிருப்புப் பெண்கள் அதை நாத்தக்குட்டை என்பார்கள். அவர்களுக்குக் கோலம் என்றால் வாசலில் போடுகிற கோலம் மட்டும்தான். அதுவும் பொங்கலுக்கு ஒரு வாரம் இருக்கும்போது!

பேச்சியம்மாள் அத்தை சுவர் முன்னால் நின்று மூன்று முறை படித்தாராம். “என் கோலம் நாறுதாமே?” என்று கேட்டுக்கொண்டே வீடு வீடாகப் போகிறார். அவருக்குத் துணை யார் தெரியுமா? நம் அம்மா.

நேற்றுச் சாப்பிடும்போது அம்மா, “கோலத்த மூடுறதுக்கு இவங்க யாரு?” என்றார். அப்பா சோற்றுத் தட்டிலிருந்து நிமிர்ந்து, “அதத்தான் நானும் கேக்குறேன். இருபத்திரண்டு வருசமா பாத்துக்கிட்டு வர்றேன்” என்றார். “நீங்க எங்க பாத்தீங்க, மிதிச்சுக்கிட்டுத்தான போறீங்க” என்றார் அம்மா. அப்பா ஒன்றும் புரியாமல் கையைக் கழுவிக்கொண்டு எழுந்து போனார்.

ஒன்று மட்டும் கேட்கிறேன். குளத்தை மூடிவிட்டால் கோலத்து ஆள் எதற்கு, அப்பாவுக்கு வேலை போய்விடுமா? அவர் அப்படித்தான் நினைக்கிறார். வேலை போனால் இந்த வீடும் போய்விடும். ஆனால் விஜயன் அண்ணன் வேறு மாதிரி சொல்கிறார். நவம்பரில் நடந்த கூட்டத்துக்கு மூன்று பேர்தான் வந்தார்களாம். இந்தத் தடவையும் ஆள் வரவில்லையென்றால் எல்லாம் முடிந்துபோகுமாம். என்ன முடிந்துபோகும்?

நான் எழுதியது தெரிந்தால் அப்பா என்னையும் அனுப்பிவிடுவாரா?

தேன்மொழி


பெர்மாஸ் ஜெயா
10 ஜனவரி 2025

தேனு,

உன் கடிதத்தை வேலை இடத்தில் வைத்துத்தான் படித்தேன். நான் இருப்பது கணினிக் கிடங்கு ஒன்றின் குளிரூட்டும் பகுதி. சாளரம் இல்லாத கட்டடம். உள்ளே ஆயிரக்கணக்கான கணினிகள் இரவும் பகலும் ஓடும், அவை சூடாகாமல் பார்த்துக்கொள்வது எங்கள் வேலை. சிரிப்பை அடக்க முடியாமல் தண்ணீர்க் குழாய்ப் பக்கம் ஓடினேன். அப்புறம் மறுபடி படித்தேன். சிரிப்பு வரவில்லை.

நீ கேட்டதற்குப் பதில். விஜயன் சொல்வதுதான் சரி, அப்பா நினைப்பது தவறு.

அந்தக் குளத்தில் வரும் குமிழியைப் பார்த்திருக்கிறாய் அல்லவா? அது மீத்தேன். புகைபோக்கியில் போகும் கரியமில வாயுவைவிட இருபது மடங்குக்கும் மேலாக வானத்தைச் சூடாக்குவது. குளத்தின்மேல் விரிப்பைப் போட்டு அதைப் பிடித்தால் எஞ்சின் ஓட்டலாம், மின்சாரம் எடுக்கலாம். 2050க்குள் கரிம வெளியேற்றத்தைச் சுழியத்துக்குக் கொண்டுவருகிறோம், ஆனாலும் வளர்கிறோம் என்று நாடு சொல்லியிருக்கிறது. நீ பள்ளியில் மனப்பாடம் செய்யும் பாடம்தான். அதில் ஒரு வரி நம் நாத்தக்குட்டை. நான் வேலை செய்கிற இந்த ஒரு கட்டடமே ஒரு சின்ன ஊரின் மின்சாரத்தைக் குடிக்கிறது. சுத்தமான மின்சாரம் எங்கே கிடைக்கும் என்று ஜொகூர் முழுக்கத் தேடுகிறார்கள்.

கம்பெனிக்கு இரண்டு பழைய மில்கள். ஒன்றுக்கு மட்டும்தான் கடன் கிடைத்திருக்கிறது. குடியிருப்பில் பாதி வீடாவது கூட்டத்துக்கு வந்து சம்மதம் எழுதித் தர வேண்டும் என்பது கடன் கொடுப்பவர்களின் விதி. நம்மிடம் நாற்பத்தெட்டு வீடுகள், அதாவது இருபத்து நான்கு கையெழுத்து. கிடைக்காவிட்டால் பணம் அடுத்த மில்லுக்குப் போகும். வாயுவைப் பிடிக்காத மில்லின் எண்ணெயை வாங்குபவர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள். ஓர் ஆண்டில் நம் மில்லைப் பூட்டிவிடுவார்கள். மூடினால்தான் அப்பாவுக்கு வேலை நிலைக்கும். மூடாவிட்டால் குளமும் இல்லை, வீடும் இல்லை.

வாயுவை அளக்க வந்த குழுவில் நான் பயிற்சிக்கு இருந்தபோதே இதை அப்பாவிடம் சொன்னேன். சொன்ன விதம்தான் கெட்டது. புதிய வேலைக்குத் தேர்வு எழுத வேண்டும் என்றார்கள். அப்பா நாலாம் வகுப்போடு நின்றவர், மலாய் எழுத வராது. அவரை எப்படியாவது உள்ளே வைத்திருக்க வேண்டும் என்று, “அவருக்கு எழுதப் படிக்க வராது, கேட்டுல காவலுக்குப் போட்டுடுங்க” என்று எங்கள் குழுவின் பொறியாளரிடம் சொன்னேன். அப்பா பின்னால் நின்றுகொண்டிருந்தார். மற்ற மூன்று கோலத்து ஆட்களும்தான். அன்று மாலை என் பை வாசலில் இருந்தது.

நான் அவருக்கு நல்லதுதான் கேட்டேன். இன்றும் அப்படித்தான் சொல்வேன்.

இப்போது நீ செய்ய வேண்டியது இதுதான். விஜயனிடம் சொல்லி அந்தத் தாளைக் கிழிக்கச் சொல். ‘கோலம்’ என்ற இடத்தில் ‘கழிவுநீர்க் குளம்’ என்று எழுதிக் கொடு. வேறு எதிலும் தலையிடாதே. யாரிடமும் வாய் திறக்காதே. நான் பட்டது போதும்.

சாந்தினி


மில் குடியிருப்பு
15 ஜனவரி 2025

அக்கா,

உன் கடிதம் பொங்கலன்றுதான் கைக்கு வந்தது. ஐலீன் அதைப் பலகாரத் தட்டுக்கு அடியில் வைத்துக் கொண்டுவந்து கொடுத்தாள்.

நீ சொன்னபடி திருத்தி எழுதினேன். ‘கழிவுநீர்க் குளம்’. நல்ல தமிழாகத்தான் இருந்தது. எடுத்துக்கொண்டு விஜயன் அண்ணனிடம் போனேன். போகிற வழியில் குடியிருப்பைப் பார்த்தேன்.

அக்கா, இந்த வருடம் கோலம் போடாத வாசலே இல்லை. டவுனில் அடுக்குமாடி வீட்டுக்குப் போய்விட்ட மகள்களையெல்லாம் கூப்பிட்டுப் போட வைத்திருக்கிறார்கள். பேச்சியம்மாள் அத்தையின் கோலம் சாலையைத் தாண்டி எதிர் வீட்டு வாசல் வரை வந்துவிட்டது. மில் லாரி சுற்றிக்கொண்டு போயிற்று. “ஞாயித்துக்கிழமை ஒருத்தியும் ஊட்டுல இருக்கக் கூடாது” என்று ஒவ்வொரு வாசலிலும் சொல்லிக்கொண்டிருந்தார்.

நவம்பரில் வந்தவர்கள் மூன்று பேர்.

நான் அங்கேயே நின்றுவிட்டேன். ‘கழிவுநீர்க் குளம்’ என்று போட்டால் யார் வருவார்கள்? நாத்தக்குட்டையைப் பற்றிப் பேச ஞாயிறு காலையில் எவர் வீட்டை விட்டுக் கிளம்புவார்? தாளை நாலாக மடித்துப் பாவாடைப் பையில் போட்டுக்கொண்டு திரும்பி வந்துவிட்டேன்.

முதலில் செய்தது தெரியாமல் செய்த தப்பு. இது தெரிந்தே செய்வது. அம்மா, பேச்சியம்மாள் அத்தை எல்லாரையும் ஏமாற்றிக் கூப்பிடுகிறேன். மேனேஜருக்குத் தெரிந்தால் விஜயன் அண்ணனை விரட்டுவார். அப்பாவுக்குத் தெரிந்தால் என்ன ஆகும் என்பது, நீ எழுதியதைப் படித்த பிறகு எனக்கே தெரியும்.

வாய் திறக்காதே என்றாய். ஞாயிற்றுக்கிழமை அத்தனை பேரும் வந்து உட்கார்ந்த பிறகு யாராவது உண்மையைச் சொல்லித்தான் ஆக வேண்டும். அது நான்தான்.

இது உனக்குக் கிடைப்பதற்குள் எல்லாம் நடந்திருக்கும்.

தேன்மொழி


மில் குடியிருப்பு
20 ஜனவரி 2025

அக்கா,

நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன்.

பத்து மணிக்கு மண்டபத்தில் நாற்காலி போதவில்லை. பாயை விரித்தார்கள். அதுவும் நிறைந்து ஜன்னல் வரைக்கும் ஆள். கம்பெனிப் பொறியாளர் புவான் ஹஸ்லினா கதவருகில் நின்று, இது கூட்டத்துக்கு வந்தவர்கள்தானா, கல்யாணம் ஏதாவதா என்று விஜயன் அண்ணனைக் கேட்டார்.

புவான் ஹஸ்லினா திரையில் கறுப்பு விரிப்பின் படத்தைக் காட்டி மலாயில் பேச ஆரம்பித்தார். விஜயன் அண்ணன் தமிழில் சொன்னார். அவர் கோலம் என்று வாயெடுத்ததுதான் தாமதம், பேச்சியம்மாள் அத்தை எழுந்துவிட்டார்.

“எங்க வாசல்ல கோலம் போட ஒங்ககிட்ட பெர்மிட் வாங்கணுமா?”

விஜயன் அண்ணன் அதை அப்படியே மலாயில் சொன்னார். மலாயில் என்ன ஆகும் என்று நினைத்துப் பார். புவான் ஹஸ்லினா பதறிப்போய், வீட்டு வாசலில் குளம் வெட்டச் சொன்னது யார், அது பெரிய ஆபத்து, குழந்தைகள் விழுந்துவிடுவார்கள் என்றார். அதுவும் தமிழில் வந்தது.

“எங்க கோலத்துல விழுந்து எந்தப் புள்ள செத்துச்சு? சொல்லச் சொல்லு லா” என்றார் அத்தை.

பின்வரிசையில் நின்ற கோலத்து ஆட்களில் ஒருவர், போன வருடம் ஒரு மாடு விழுந்தது என்றார். பெண்கள் எல்லாரும் அவர் பக்கம் திரும்பினார்கள். அம்மா இரண்டு கையையும் தலையில் வைத்துக்கொண்டார்.

அப்போது எழுந்து நின்றேன். எப்படி எழுந்தேன் என்று தெரியவில்லை. அறிவிப்பை எழுதியது நான் என்றேன். கோலம் என்று எழுதியது நாத்தக்குட்டையை என்றேன். தப்பென்று தெரிந்த பிறகும், நீங்கள் வர வேண்டும் என்பதற்காகத் திருத்தாமல் விட்டேன், அதற்கு மன்னித்துவிடுங்கள் என்றேன். பிறகு, உன் பெயரைச் சொல்லாமல், நீ எழுதிய கணக்கைச் சொன்னேன். நாற்பத்தெட்டு வீடு, இருபத்து நான்கு கையெழுத்து, இல்லையென்றால் மில்லுக்குப் பூட்டு. மலாயிலும் ஒரு தடவை சொன்னேன்.

நான் அப்பாவைப் பார்க்கவில்லை.

முதலில் சிரித்தது அத்தைதான். “அப்ப அந்த நாத்தக்குட்டையையா மூடப் போறாங்க? இதுக்கா நான் ரெண்டு வாரமா தொண்ட கிழியக் கத்துனேன்?” மண்டபமே சிரித்தது. புவான் ஹஸ்லினாவுக்கு விஜயன் அண்ணன் விளக்கிச் சொல்லி முடித்ததும் அவரும் மேசையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

சிரிப்பு ஓய்ந்தபோது அப்பா நின்றுகொண்டிருந்தார். கூட்டத்தில் அவர் பேசி நான் பார்த்ததே இல்லை.

“மூடுங்க. நான் எங்க போறது?”

புது வேலைக்குத் தேர்வு இருக்கிறது, நூறு கேள்வி, மலாயில் எழுத வேண்டும், யாரும் எழுதலாம் என்றார் புவான் ஹஸ்லினா. அப்பா உட்கார்ந்துவிட்டார். ஏன் உட்கார்ந்தார் என்று அந்த மண்டபத்தில் எனக்கும் மற்ற மூன்று கோலத்து ஆட்களுக்கும் மட்டும் தெரியும்.

நான் இன்னும் நின்றுகொண்டுதான் இருந்தேன். அதனால் கேட்டேன். அப்பாவின் பெயரைச் சொல்லவில்லை, படிப்பைப் பற்றியும் சொல்லவில்லை. தேர்வைக் குளத்தங்கரையில் வைக்கலாமா, எழுதாமல் வாயால் பதில் சொல்லலாமா, தமிழிலும் சொல்லலாமா என்று மட்டும் கேட்டேன். குளத்தைத் தெரியுமா என்பதுதானே உங்களுக்கு வேண்டும் என்றேன். புவான் ஹஸ்லினா மேனேஜரைப் பார்த்தார். மேனேஜர் கூரையைப் பார்த்தார்.

அத்தை சொன்னார்: “கோலத்த மூடாதன்னு சண்டைக்கு வந்தோம். இப்ப மூடுன்னு கையெழுத்துப் போடுறோம். ஆனா இந்தப் புள்ள கேட்டத மொதல்ல எழுதிக் குடுங்க. கோலத்து ஆளுங்க நாலு பேரையும் உள்ள வச்சுத்தான் மூடணும்.”

எழுதிக் கொடுத்தார்கள், அக்கா. மேனேஜரும் புவான் ஹஸ்லினாவும் கையெழுத்துப் போட்டார்கள். அதன் கீழே முப்பத்தொன்பது வீடுகள். முப்பத்தொன்பது! அம்மாவின் கையெழுத்து முதலாவது. விஜயன் அண்ணனை மேனேஜர் ஒன்றும் சொல்லவில்லை. இவ்வளவு கூட்டத்தைச் சேர்த்ததற்குக் கை கொடுத்தார்.

அப்பா முன்னால் நடந்தார். நான் பின்னாலேயே நடந்தேன். வாசலில் செருப்பைக் கழற்றும்போதுதான் என்னைப் பார்க்காமலே கேட்டார்: “ஆமா, கோலம்னு சரியாத்தான எழுதியிருக்க. இதுல என்ன தப்பு?”

தேன்மொழி


பெர்மாஸ் ஜெயா
27 ஜனவரி 2025

தேனு,

உன் இரண்டு கடிதங்களும் ஒரே நாளில் வந்தன. முதலாவதைப் படித்து உன்மேல் கோபப்பட்டேன். இரண்டாவதை எடுக்கவே பயமாக இருந்தது.

நீ நான் சொன்னதைக் கேட்டிருந்தால் மில் போயிருக்கும். இதை எழுத எனக்குச் சுலபமாக இல்லை. நான்கு தடவை வேறு மாதிரி எழுதிப் பார்த்துவிட்டுத்தான் இப்படி எழுதுகிறேன்.

இன்னொன்றும் இருக்கிறது. நானும் அவருக்காகத்தான் கேட்டேன், நீயும் அவருக்காகத்தான் கேட்டாய். நான் கேட்டது காவல் வேலை. அவருக்கு என்ன வராது என்பதைச் சொல்லிக் கேட்டேன். நீ அவருக்கு என்ன தெரியும் என்பதை வைத்துக் கேட்டாய். போன கடிதத்தில் ‘நல்லதுதான் கேட்டேன், இன்றும் அப்படித்தான் சொல்வேன்’ என்று எழுதியிருந்தேன். அந்த வரியை அடித்துவிடு.

தேர்வு எப்போது என்று எழுது. அவரிடம் என்னைப் பற்றிப் பேச வேண்டாம். இப்போது வேண்டாம்.

சாந்தினி


மில் குடியிருப்பு
8 பிப்ரவரி 2026

அக்கா,

ஞாயிறு மதியம் மூன்று மணிக்குக் கூடத்து மேசையில் உட்கார்ந்து எழுதுகிறேன். எல்லாரும் விழித்திருக்கிறார்கள். அப்பா எதிரில் உட்கார்ந்து தேநீர் குடிக்கிறார். ஏன் என்று கடைசியில் சொல்கிறேன்.

எஞ்சின் ஓடுகிறது! வியாழக்கிழமை காலை பதினொன்றே காலுக்கு முடுக்கினார்கள். நான்கு குளமும் கறுப்பாக உப்பிக்கொண்டு கிடக்கின்றன. அத்தை அதைப் பார்த்துவிட்டு, மாசமாக இருக்கிற யானை மாதிரி இருக்கிறது என்றார். மின்சாரம் கம்பியில் ஏறி வெளியே போகிறது. அதில் ஒரு சொட்டு உன் கட்டடத்துக்கும் வருமோ என்னவோ. நாற்றம் முக்கால்வாசி போய்விட்டது. அம்மா ஒரு வாரமாக ஜன்னலைத் திறந்துவிட்டுத்தான் சமைக்கிறார்.

தேர்வைப் பற்றி அப்போது எழுதியதில் ஒன்றை விட்டுவிட்டேன். அப்பாவை இரண்டாவது குளத்தங்கரையில் நிறுத்தி, எந்தக் குளத்தில் எப்போது வாயு அதிகம் என்று கேட்டார்கள். அப்பா பதில் சொல்லாமல் கரையோரமாக நடந்து ஒவ்வொரு இடமாகக் காட்டினாராம். பழம் அதிகமாக வரும் மாதத்தில் இங்கே, மழை மாதத்தில் அங்கே, மில் இரண்டு நாள் நின்று ஓடினால் அந்த மூலையில். புவான் ஹஸ்லினா அன்று வரைபடத்தில் இரண்டு குழாயை இடம் மாற்றிப் போட்டார். அதைப் போன வாரம்தான் அவரே என்னிடம் சொன்னார். அப்பா வீட்டில் சொல்லவே இல்லை.

நான்கு பேரும் உள்ளேதான் இருக்கிறார்கள். ஒருவருக்கு மட்டும் இரண்டு தடவை தேர்வு வைக்க வேண்டியிருந்தது. மாட்டைப் பற்றிச் சொன்னாரே, அவருக்குத்தான்.

எஞ்சின் ஓடிய அன்று மாலை அப்பாவிடம் சொல்லிவிட்டேன். ஓர் ஆண்டாக உனக்கு எழுதுகிறேன், கணக்கையெல்லாம் சொன்னது நீதான் என்று. பயம் போய்விட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். இருந்தது. சொன்னேன். அப்பா அன்று சாப்பிடவில்லை. மறுநாள் விடியும் முன்பே வேலைக்குப் போய்விட்டார். நேற்று வேலை முடிந்து வந்தவர் தொப்பியைக்கூடக் கழற்றாமல் என் முன்னால் வந்து நின்றார்.

வெள்ளிக்கிழமை இரவு மழை பெய்ததில் நேற்றுக் காலை எஞ்சினுக்கு வரும் வாயு குறைந்துவிட்டதாம். மீட்டரில் கோளாறு என்கிறார்களாம் மற்றவர்கள். மீட்டர் சரியாகத்தான் இருக்கிறது, விரிப்பின்மேல் தேங்கும் மழைத் தண்ணீர் அழுத்தி வாயு வரும் வழியை அடைக்கிறது என்பது அப்பாவின் கட்சி. எல்லாவற்றையும் நிறுத்தி நிதானமாகச் சொல்லி, சொன்னபடியே எழுது என்றார். பிறகு, “ஒங்க அக்காவக் கேளு. அவ இதெல்லாம் அளந்தவதான?” என்றார்.

உன்னை ‘ஒங்க அக்கா’ என்று அவர் வாயால் கேட்டு இரண்டு வருடம் ஆகிறது. எழுதிவிட்டேன். பதிலை வீட்டுக்கே போடச் சொல்கிறார்.

தேன்மொழி


பெர்மாஸ் ஜெயா
12 பிப்ரவரி 2026

தேனு,

அப்பாவுக்குப் படித்துக் காட்டு.

தண்ணீர்தான் காரணம் என்று எனக்கும் தோன்றுகிறது. ஆனால் இந்தத் தடவை தோன்றுவதை வைத்துப் பேச மாட்டேன். அவர் தினமும் பார்க்கிறார், நான் பார்க்கவில்லை. அடுத்த வாரச் சனிக்கிழமை விடுப்பு எடுத்திருக்கிறேன். புது மின்சார ரயிலில் காலையிலேயே குளுவாங் வந்துவிடுவேன். நேராகக் குளத்தங்கரைக்கு வருகிறேன். எந்த மூலையில் தண்ணீர் தேங்குகிறது என்று அவர் நடந்து காட்டட்டும். நான் பின்னால் வந்து குறித்துக்கொள்கிறேன்.

சாந்தினி